நேதாஜி ஏறிய கப்பலுக்கு என்ன நிறம்?

நிறங்களுக்குப் பெயர் வைப்பதில் நம்மவர்களுக்கு நிகர் யாருமில்லை. ஜவுளிக் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கிளிப் பச்சை, மயில் கழுத்து, மாந்தளிர், அரக்கு, பாக்கு, வெங்காயச் சருகு என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்மணியும் ஒன்றை மற்றொன்றாக மயங்காமல் தலையசைப்பார். ஆனால் சாம்பல் நிறம் என்று வந்துவிட்டால் மட்டும் நம் பாஷை சற்றே தயங்கி நிற்கிறது. விறகடுப்புச் சாம்பலா, வறட்டிச் சாம்பலா? மழை மேகமா, யானைத் தோலா, எருமைக் கன்றின் முதுகா, பாட்டியின் நரைத்த கூந்தலா? இத்தனையையும் ஒரே பெயரில் மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டோம்.

அந்த மூட்டையை அவிழ்ப்பதிலேயே தங்கள் ஓய்வு நேரம் முழுவதையும் செலவிடுகிறவர்கள் உலகத்தில் பலர் இருக்கிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைச் சிறிய உருவில் செய்து, உண்மைக் கப்பலுக்கு யுத்த காலத்தில் என்ன வர்ணம் இருந்ததோ அதையே பூசிப் பார்க்கிறவர்கள் அவர்கள். கப்பலின் பாகங்கள் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வருகின்றன. அவற்றை ஒட்டுவது சில நாள் வேலை. வர்ணம் பூசுவதோ பல வாரம் பிடிக்கும். 'ஒரு டப்பா சாம்பல் வர்ணத்தை வாங்கித் தடவிவிட்டால் தீர்ந்தது. இதற்கு இத்தனை பாடா?' என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுத முற்பட்டோம்.

நம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் இந்த வித்தையில் இறங்கினான். மற்றவர்கள் போல் கடையில் கிடைத்த ஏதோ ஒரு கப்பலை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. 1943-ஆம் வருஷம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்கு வந்த இரண்டு நீர்மூழ்கிகளையும் செய்து அருகருகே வைக்க வேண்டும் என்று சங்கற்பித்துக்கொண்டான்.

அந்தப் பிரயாணத்தை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் யூ-180 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியில் நேதாஜி ஏறினார். உடன் சென்றவர் அபித் ஹஸன் ஒருவரே. பிரிட்டனின் வடக்கே சுற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கடந்து, ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் தீவுக்கு அப்பால் ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியை அக்கப்பல் சந்தித்தது. நடுக்கடலில் ரப்பர்ப் படகு ஒன்றில் இருவரும் ஒரு கப்பலிலிருந்து மற்றதற்கு மாறினார்கள். மே மாதம் ஸுமத்ராவின் வடமுனையருகில் உள்ள ஸபாங் தீவில் கரையேறினார்கள்.

யூ-180-இன் நீளம் சுமார் 87.6 மீட்டர், ஐ-29-இன் நீளம் சுமார் 108.7 மீட்டர். 350-இல் ஒரு பங்கு என்ற அளவில் செய்தால் முன்னது 25 சென்டிமீட்டர், பின்னது 31 சென்டிமீட்டர். பள்ளிக்கூட அடிக்கோலை நடுவில் வைத்தால் ஒன்று அதைவிடச் சிறிது குட்டை, மற்றொன்று ஒரு விரற்கிடை நெட்டை. பையன் மேஜையில் இரண்டையும் ஒட்டி முடித்தபோது கேட்ட கேள்விதான் நம் தலைப்பு. அதற்கு விடை தேடப் போனால், 'நிறம் எதற்காக?' என்னும் முந்திய கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும்.

நீர்மூழ்கி என்றவுடன் அது எப்போதும் நீருக்கடியிலேயே இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த யுத்தத்தில் உண்மை அப்படியன்று. அக்காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலான நேரம் கடலின் மேற்பரப்பிலேயே ஓடின. நீருக்குள் பாட்டரியின் பலத்தில் மெதுவாகத்தான் ஊர முடியும். அதுவும் சில மணி நேரத்துக்கே வேகத்தோடு ஓடலாம். ஆகவே இரவில் மேலே வந்து டீஸல் இயந்திரத்தை ஓட்டிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டு விரைவார்கள். எதிரி தென்பட்டால் மூழ்குவார்கள். இதனால் அவர்களுக்கு இரண்டு விதமான கண்களிடமிருந்து ஒளிய வேண்டியிருந்தது. ஒன்று, மேலே ஆகாய விமானத்திலிருந்து பார்க்கும் கண். மற்றொன்று, தொலைவில் இன்னொரு கப்பலின் தளத்தில் நின்று அடிவானத்தைத் துழாவும் கண்.

சங்கடம் என்னவென்றால், இந்த இரண்டு கண்களையும் ஒரே வர்ணத்தால் ஏமாற்ற முடியாது. விமானத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பின்னணி கருங்கடல். அவனுக்குக் கப்பல் கருமையாக இருந்தால் தெரியாது. கப்பலிலிருந்து பார்ப்பவனுக்குப் பின்னணி வானம். இரவில் வானமும் கறுப்புத்தானே என்பீர்கள். அமாவாசையன்று மொட்டை மாடிக்குப் போய்த் தோட்டத்துத் தென்னை மரத்தைப் பாருங்கள். நட்சத்திர ஒளி மட்டுமே இருந்தாலும் மரம் மையால் எழுதியதுபோல் தனித்து நிற்கும். எவ்வளவு இருண்ட இரவிலும் வானம் அதன்முன் நிற்கும் பொருளைவிட வெளிச்சமானதே. ஆதலால் கரிய வர்ணம் இரவில் ஒளிக்கும் என்று நம்புவது பெரும் பிசகு. அது கப்பலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தை யுத்தத்தின் நடுவில்தான் முழுதும் கற்றார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய நீர்மூழ்கிகள் முழுக்கக் கறுப்பு. பஸிபிக் சமுத்திரத்தின் தெளிந்த நீரில் விமானத்துக்குத் தப்புவதற்கு அதுவே சரியென்று எண்ணினார்கள். பிறகு இரவில் மேற்பரப்பில் தாக்குவதே வழக்கமானபோது, பக்கங்களுக்குச் சாம்பல் பூசி, படுத்திருக்கும் தளத்துக்கு மட்டும் கருமையை வைத்துக்கொண்டார்கள். நிழல் விழும் மூலைகளுக்கு இன்னும் வெளுப்பான வர்ணம் தடவினார்கள். மீனின் முதுகு கறுத்து வயிறு வெளுத்திருப்பதன் மர்மமும் இதுவே. வெளிச்சம் விழுமிடம் கறுப்பு, நிழல் விழுமிடம் வெளுப்பு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உருவத்தின் திரட்சியை மறைத்துவிடும். ஆபட் தாயர் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை விளக்கி எழுதினார். மத்தியதரைக் கடலில் ஓடிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளோ ஆழ்ந்த நீல நிறம் பூசிக்கொண்டன. அந்தக் கடலின் நீர் அத்தனை தெளிவு.

ஜெர்மானியர்களுக்கு அட்லாண்டிக்கின் மூடுபனியும் மேகமும்தான் பின்னணி. அவர்கள் நீர்க்கோட்டுக்கு மேலே பக்கங்களிலும் கோபுரத்திலும் வெளிர் சாம்பல் பூசினார்கள்; நீர்க்கோட்டுக்குக் கீழே கருஞ்சாம்பல். தளம் மரச்சட்டங்களால் ஆனது. கப்பல் மூழ்கும்போதும் எழும்போதும் தண்ணீர் விரைவாக வடிவதற்காகச் சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த மரத்துக்குத் தார் போன்ற எண்ணெய் பூசுவதால் அது ஏறக்குறையக் கறுப்பாகவே தோன்றும். மாதிரி செய்பவர்களில் பலர் மரம் என்றவுடன் தேக்குப் பலகைபோல் மஞ்சளாகப் பூசிவிடுகிறார்கள். அது உல்லாசப் படகுக்குப் பொருந்தும். விமானத்துக்கு அஞ்சி ஓடும் கப்பலின் முதுகில் மஞ்சள் பாய் விரித்தாற்போல் இருப்பதை எந்தத் தளபதி பொறுப்பான்?

ஜப்பானியர்கள் கருமையையோ கருஞ்சாம்பலையோ விரும்பினார்கள். ஆகவே பையனின் மேஜையில் நின்ற இரண்டு கப்பல்களும் ஒரே நாளில் ஒரே கடலில் சந்தித்தவைதாம் என்றாலும் ஒன்று மேகத்தின் நிறம், மற்றொன்று ஆழத்தின் நிறம். கிழக்கும் மேற்கும் தத்தம் கடலைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாற்போல் இருந்தது. இந்த வேற்றுமை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், அடுத்தடுத்து வைத்துப் பூசினாலொழிய இயலாது. நம் மட்டில், இந்த வித்தையில் இதைவிடச் சுவையான பாடம் வேறில்லை.

இனி, பூசும் முறைக்கு வருவோம். பிளாஸ்டிக்கில் அச்சின் எண்ணெய் ஒட்டியிருக்கும். சோப்பு நீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் வர்ணம் பொருக்காக உதிரும். பிறகு அடிப்பூச்சு. வீட்டு ஜன்னல் கம்பிக்கு முதலில் ரெட் ஆக்ஸைடு அடிக்கிறோமே, அதே நியாயம்தான். உண்மைக் கப்பலுக்கும் அடிப்பூச்சு உண்டு. அதைப்பற்றி ஒரு கதை. 1941 டிஸம்பரில் பிலிப்பைன்ஸ் தீவுகளின் கவீட் துறையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது ஸீடிராகன் என்னும் அமெரிக்க நீர்மூழ்கி தீயில் வெந்து தப்பியது. கடலுக்குச் சென்றபின் அதன் கரிய வர்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலிருந்த ஈயச் செந்தூரப் பூச்சு வெளிப்பட்டுவிட்டது. ஒளிந்து திரிய வேண்டிய கப்பல் குங்குமம் பூசிக்கொண்டு உலாவியது! 1959-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சினிமாவில் ரோஜா நிற நீர்மூழ்கி ஒன்று வந்து மக்களைச் சிரிக்க வைத்தது. அதற்கு மூலம் இதுவே என்பர்.

அடிப்பூச்சு காய்ந்தபின் நீர்க்கோட்டில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, மேலுக்கு ஒரு சாம்பல், கீழுக்கு ஒரு சாம்பல் அடிக்க வேண்டும். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அகன்ற தூரிகையால் நீர்த்த வர்ணத்தை மூன்று நான்கு தரம் மெல்லப் பூசலாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். இங்கேதான் ஒரு நுட்பம் குறுக்கிடுகிறது. உண்மைக் கப்பலுக்குப் பூசிய அதே வர்ணத்தையே கொண்டுவந்து மாதிரிக்குப் பூசினாலும் அது பொய்யாகத்தான் தோன்றும். வேண்டிய அளவுக்கு மேல் கறுத்திருக்கும்.

காரணம் எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரியும் மலை, ஏறிப் போனால் பச்சை. நடுவிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கிறது, ஒளியைக் கலக்கிறது. 350-இல் ஒரு பங்கு மாதிரியை அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, உண்மைக் கப்பலை 175 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்த 175 மீட்டர்க் காற்றை மேஜைமேல் கொண்டுவர முடியாதாகையால், வர்ணத்தில் சிறிது வெள்ளை கலந்து ஈடு செய்கிறார்கள். அதே காரணத்தால் சுத்தக் கறுப்பையும் பூசுவதில்லை; கறுப்பென்று காட்ட வேண்டிய இடத்தில் கருஞ்சாம்பல். பளபளப்பும் கூடாது. மங்கலான வார்னிஷ் கொடுத்து ஒளியைக் கொன்றுவிட வேண்டும். ஈயச் சொம்புபோல் மினுக்கும் நீர்மூழ்கி கொலுவுக்குத்தான் லாயக்கு.

பழைய புகைப்படங்களை வைத்து நிறத்தை ஊகிப்பதிலும் கண்ணி உண்டு. அந்நாளில் சிலவகைப் பிலிம்கள் சிவப்பை உணரா. சிவப்புப் பொருள் அவற்றில் கறுப்பாகவே விழும். நீலமோ வெளுத்துத் தோன்றும். நம் கண்ணும் அந்தி வேளையில் ஏறக்குறைய இப்படித்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் செம்பருத்திப் பூ கறுத்துவிடும். சுற்றியுள்ள இலை இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே இதைக் கண்டு சொல்லி 200 வருஷங்களாகின்றன. ஆகையால் படத்தில் கறுப்பாக இருப்பதெல்லாம் கறுப்பென்று எண்ணிப் பூசுகிறவர் ஏமாறுவார்.

கடைசியாக அழுக்கு. இதைப்பற்றிச் சண்டையே உண்டு. துறையிலிருந்து புதிதாகப் புறப்படும் கப்பலைக் காட்ட வேண்டுமா, கடலில் அலைந்து திரும்பும் கப்பலையா? யூ-180 கீலை விட்டு மடகாஸ்கரை அடைய ஏறக்குறைய 11 வாரங்கள் ஆயின. வழியில் நின்று வர்ணம் பூச இயலாது. உப்பு வெளுத்துப் படியும். தளத்தின் கீழ் வரிசையாக உள்ள வடிகால் துளைகளிலிருந்து துரு கண்ணீர்க் கோடுபோல் இறங்கும். நீர்க்கோட்டருகே பாசி பிடிக்கும். டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்த பழுப்பு எண்ணெய் வர்ணத்தைத் துளையருகே தொட்டு, நேர் கீழாக இழுத்தால் அந்தக் கோடு கிடைக்கும். குறுக்கே இழுத்தால் கெட்டது. தண்ணீர் குறுக்கே வடியாது. ஆனால் கைக்கு இது பழகிவிட்டால் நிறுத்த மனம் வருவதில்லை. கப்பல் முழுவதையும் துருப்பிடித்த தகர டப்பாவாக்கி, 'தத்ரூபம்!' என்று மகிழ்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். நம் அபிப்பிராயத்தில், துரு என்பது சமையலில் பெருங்காயம் போன்றது.

யூ-180-க்கு இன்னொரு களங்கமும் உண்டு. வேகத்துக்காக அதில் ஆறு விசைப்படகு இயந்திரங்களைப் பொருத்தியிருந்தார்கள். அவை புகையைக் கக்கின. எண்ணெயையும் ஏராளமாகத் தின்றன. எத்தனை கவனமாகச் சாம்பல் பூசி ஒளித்தாலும் தலைக்குமேல் புகை எழுந்தால் என்ன பயன்? பின்னர் அவற்றை மாற்றிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பையன் கோபுரத்தின் பின்புறத்தில் மெல்லியதாகக் கரி படியவைத்தான்.

அந்தக் கரியையும் துருவையும் பார்த்து அவன் தாத்தாவுக்கு மனத்தாங்கல். "நேதாஜி வந்த கப்பல் இப்படியா அழுக்காக இருந்திருக்கும்? நன்றாகத் துடைத்து, மேலே ஒரு மூவர்ணக் கொடி வைக்கக் கூடாதா?" என்றார். நியாயமான ஆசைதான். நம் வீடுகளில் நேதாஜியின் படம் பளிச்சென்ற சட்டத்துக்குள் மாலையோடு தொங்கியல்லவா பழக்கம்? பையன் தயங்கித் தயங்கி, "கொடி வைத்தால் எல்லாரும் பார்த்துவிடுவார்களே தாத்தா, ஒளிந்துதானே வந்தார்?" என்றான். பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, துருக்கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

தாய்மார்கள் கேட்பது வேறு. 'கொலைக் கருவியைக் குழந்தை கையில் கொடுக்கலாமா?' என்கிறார்கள். இக்கேள்வியைத் தட்டிவிட நாம் துணியமாட்டோம். கடைகளில் அதிகம் விரும்பி வாங்கப்படும் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் ஒன்று யூ-47. அதன் கோபுரத்தில் சீறும் காளையின் சித்திரம் உண்டு. அந்தக் காளையைப் பூசத்தான் பையன்களுக்கு ஆவல். 1939 அக்டோபர் 14-ஆந் தேதி இரவு ஸ்காபா ப்ளோ துறைக்குள் நுழைந்து ராயல் ஓக் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலை அது மூழ்கடித்தது. 800-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் 18 வயது நிரம்பாத சிறுவர்கள். அந்தச் சாகசத்துக்குப் பிறகே காளை வரையப்பட்டது. வேட்டையாடியவர்களின் கதியும் நல்லதன்று. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் சென்ற ஏறக்குறைய 40,000 பேரில் சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. நேதாஜி வந்த இரண்டு கப்பல்களும் அடுத்த வருஷத்தைத் தாண்டவில்லை. 1944 ஜூலை 26-ஆந் தேதி பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ஸாபிஷ் ஐ-29-ஐ மூழ்கடித்தது. ஆகஸ்டில் யூ-180 பிஸ்கே வளைகுடாவில் ஆட்கள் அனைவருடனும் மறைந்தது. பையனுக்கு இவை யாவும் தெரியும். ஒவ்வொரு சாம்பலும் எந்தக் கண்ணுக்கு அஞ்சிப் பூசப்பட்டது என்று தேடியபோதே தெரிந்துகொண்டான். பெட்டியில் போட்டிருக்கும் காளையையும் நெருப்பையும் மட்டும் பார்த்து வாங்கி விளையாடும் குழந்தைக்கு அது தெரிய வழியில்லை. கொடுப்பதானால் வர்ணத்தோடு, வர்ணத்தின் காரணத்தோடு கொடுங்கள் என்றுதான் தாய்மார்களுக்குச் சொல்கிறோம்.

உண்மை நீர்மூழ்கியைக் கண்ணால் காண விரும்புவோர் விசாகப்பட்டினம் போகலாம். 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற குர்ஸுரா என்னும் ரஷ்ய நாட்டு நீர்மூழ்கியை அங்கே கடற்கரையில் மேடைகட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 2002 முதல் பொதுஜனங்கள் உள்ளே சென்று பார்த்து வருகிறார்கள். துறையில் மிதக்கும் கப்பலில் தண்ணீர் மறைத்துவிடும் அடிப்பாகமெல்லாம் இங்கே கண்முன் நிற்கிறது. மாதிரி செய்பவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். இக்காலத்து நீர்மூழ்கிகளோ பெரும்பாலும் கறுப்பு. வாரக்கணக்கில் ஆழத்திலேயே வாசம் செய்பவற்றுக்கு அடிவானத்தைப்பற்றிக் கவலை குறைவு. பலவற்றின் உடல் முழுவதும் ரப்பர் ஓடுகள் பதித்திருப்பார்கள்; அவை ஒலியை விழுங்குவதற்காக. ஒளிந்துகொள்ள வேண்டியது இப்போது கண்ணுக்கல்ல, காதுக்கு.

பையனின் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டு கப்பல்களையும் ஒரு பலகையில் பதித்து, நடுவே அலை எழுப்பி, அந்த ரப்பர்ப் படகையும் வைக்க வேண்டும் என்கிறான். 350-இல் ஒரு பங்கு அளவில் மனிதன் 5 மில்லிமீட்டர் உயரம். ஏறக்குறைய ஓர் அரிசி. உண்மையாகவே ஓர் அரிசியைத்தான் எடுத்துச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். படகில் இருப்பவர்களில் நேதாஜி யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்டோம். "தெரியாது சார். எல்லாருக்கும் ஒரே சாம்பல்தான் பூசப்போகிறேன்" என்றான்.